நீ வராத ஆடியிலும் மீன் மேலே வந்தது

குழாயைத் திறந்தால் பிளீச்சிங் வாடை. ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டது என்று காலண்டர் பார்க்காமலே சொல்லிவிடலாம். மலைக்கு வரப்போகிற ஜனத்தை நினைத்துத் தண்ணீரில் மருந்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கலப்பார்கள். கலக்கத்தான் வேண்டும், அத்தனை பேர் குடிக்கிற தண்ணீர். சோறு வடித்தால் சோற்றில் அந்த வாடை, காபி கலந்தால் காபியில் அந்த வாடை. எனக்கு அது விருந்தாளி வருகிற வாடை. மஞ்சள் புடவையும் பூக்காவடியுமாக நீ நகரி பஸ்ஸிலிருந்து இறங்கப் போகிறாய், வந்ததும் வராததுமாக என் வீட்டில் எதையாவது கண்டுபிடிக்கப் போகிறாய் என்று என்னைத் தேய்க்கவும் கழுவவும் வைக்கிற வாடை.

இந்த வருடம் நீ வரமாட்டாய். பங்குனியில் உன்னை மண்ணில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். நானும் வந்திருந்தேன். நீ பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் முந்தாநாள் காலை தொட்டி மீன்கள் மறுபடியும் மேலே வந்துவிட்டன. எல்லாம் ஒன்றாகத் தண்ணீர் விளிம்புக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, செவுள் இரண்டும் ரத்தமாகச் சிவந்து. நான்கு வருடத்துக்கு முன்னால் எப்படி வந்தனவோ அப்படியே. அப்போது நீ இருந்தாய், உன்னைக் கைகாட்டினேன். இப்போது யாரைக் கைகாட்டுவது என்று தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சந்தேகப்பட ஆள் இல்லாமல் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

அதனால்தான் எழுதுகிறேன். பேத்தி விட்டுப் போன பள்ளி நோட்டு. நான் ஐந்தாவதோடு நின்றவள், நீ எட்டாவது வரை போனவள். உன் அண்ணன் என்னைக் கட்டிய நாற்பது வருடமாக அதைச் சொல்லிக் காட்டுகிறார். எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

உன் அண்ணன் வேலையிலிருந்து நின்ற புதிதில் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். விடிந்தால் அரக்கோணம் ரயிலைப் பிடிக்க ஓடிய மனுஷன், அந்த நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அப்புறம் ஒருநாள் ஸ்டேஷன் ரோட்டு பாய் கடையிலிருந்து மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்தது. சிவப்புத் தங்கமீன் இரண்டு, கறுப்பாக மோலி ஆறு. அதற்கப்புறம் அவர் நாற்காலி தொட்டிப் பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு தங்கமீனில் நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்தது ஒன்று, பொட்டு என்றே கூப்பிடுவோம், கண்ணாடியை விரலால் தட்டினால் ஓடி வரும். என்னோடு பேசாத பேச்செல்லாம் அதனோடு பேசுவார். மீன்மேல் பொறாமைப்பட்டேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். பட்டேன்.

அந்த வருட ஆடிக்கு நீ வந்தாய். அரக்கு கலர் புடவை, பச்சைக் கரை. ஒரு பை நீலம் மாம்பழம், அதில் நான்கில் வண்டு. வண்டு இருப்பது தெரிந்து எடுத்து வந்தாயா, தெரியாமல் எடுத்து வந்தாயா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. பையை வைத்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தொட்டிக்கு முன்னால் குந்திவிட்டாய்.

"வதினா, இது எப்பலேர்ந்து இப்டி கீது?"

தெலுங்கு வீட்டில் வாழ்க்கைப்பட்ட பிறகு என்னை அண்ணி என்று நீ கூப்பிட்டதே இல்லை. வதினாதான்.

"எப்டி கீது? நல்லாத்தான் கீது."

"துடுப்ப ஒடம்போட ஒட்ட வெச்சிகினு மூலைல நிக்குது பாரு. குளுரெடுத்தவன் கையக் கட்டிகினு நிப்பான்ல, அப்டி. மீனு நல்லா இருந்தா துடுப்ப விரிச்சி வெச்சிருக்கும்."

உன் வீட்டுப் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டி, கலர் மீன் வளர்த்து, பாய் கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாய். உன் வீட்டுக்காரர், பாவா, போனபிறகு அதுதான் உன் பிழைப்பு. அதனால் மீனைப் பார்த்தால் உனக்கு டாக்டர் கண் வந்துவிடும். அன்று சாயங்காலம் முழுக்க நீயும் உன் அண்ணனும் தொட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. கல்லில் உடம்பைத் தேய்த்தால் மேல்தோலில் ஏதோ பிடித்திருக்கிறது. ரவை தூவினமாதிரி வெள்ளைப் புள்ளி வந்தால் தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கு. வெள்ளை நூல் மாதிரி கழிந்தால் வயிறு சரியில்லை, இரண்டு நாள் பட்டினி போடு. செதிலெல்லாம் நிமிர்ந்து பலாக்காய் மாதிரி ஆகிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். நீ சொன்னது ஒன்றுகூட இன்றுவரை மறக்கவில்லை. அதிலும் கடைசியாக ஒன்று சொன்னாய்.

"ஒரு மீனுக்கு வந்தா அது நோவுண்ணா. எல்லாத்துக்கும் ஒரே நாள்ல வந்தா அது தண்ணி."

கேட்டேன். நம்பவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வந்தால் அது கண் என்றுதான் என் அம்மா வீட்டில் சொல்வார்கள்.

படுக்கப் போகும்போது, "இதுல ரெண்டு தங்காது வதினா" என்றாய். மறுநாள் காலையில் மோலி இரண்டு மல்லாந்து கிடந்தன. செய்கிறவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று எனக்குள் ஒன்று சொன்னது. வாயால் சொல்லவில்லை. உனக்கு இட்லி வைத்துக்கொண்டே உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ ஊருக்குப் போனதும் பாய் கடைக்குப் போனேன். நோவு பிடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டாயா என்று கேட்கத்தான். அந்த மனுஷர் கோபப்படவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எல்லாம் ஒரே நாள்ல சோர்ந்துச்சாம்மா?"

"ஆங்."

"தொட்டி கழுவினீங்களா? குழாத்தண்ணி ஊத்தினீங்களா?"

கழுவியிருந்தேன். சாதாரண நாளில் உன் அண்ணன் இரண்டு வாளி தண்ணீரை எடுத்துவிட்டு, மாடியில் இருக்கும் பீப்பாய்த் தண்ணீரை ஊற்றுவார். கண்ணாடியில் பாசி பாசியாகத்தான் இருக்கும். நீ வருகிறாய் என்றதும் எனக்கு அது பொறுக்கவில்லை. நீ வருவதற்கு முதல்நாள் அவர் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் மீனை அன்னக்கூடையில் விட்டு, தொட்டியை முழுக்கக் காலி செய்து, கல்லையெல்லாம் தேங்காய் நாரால் தேய்த்து, குழாயில் ஓஸ் மாட்டி நிரப்பி வைத்தேன். பளபளவென்று இருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது.

அதைப் பாயிடம் சொன்னால் என்ன ஆகும்? அவர் உன்னிடம் மீன் வாங்குகிறவர். நான் வீடு திரும்புவதற்குள் பேச்சு நகரிக்குப் போய்விடும். வதினா தொட்டியைக் கெடுத்துவிட்டாள் என்று நீ உன் ஊரில் சொல்லிச் சிரிப்பாய்.

"தண்ணிய தொடவே இல்ல பாய்" என்றேன்.

அவர் யோசித்துவிட்டு நீல மருந்து ஒன்று கொடுத்தார். தொட்டி முழுக்க மசி கொட்டினமாதிரி ஆகிவிட்டது. உன் அண்ணனின் ஆள்காட்டி விரல் ஒரு வாரம் நீலம். வெள்ளைக் கூழாங்கல் இன்றைக்கும் நீலம்தான். மருந்தில் குற்றமில்லை, நோவு சொன்ன வாயில்தான் குற்றம். டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டு மாத்திரை வாங்கி வந்த கதை.

மறு வருட ஆடிக்கு இன்னும் நன்றாகத் தேய்த்தேன். போன வருடம் நீ குந்தி உட்கார்ந்து பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருந்தது. நீ காலையிலேயே வந்து, காவடி எடுத்து மலை ஏறி இறங்கி, சாப்பிட்டுவிட்டு, எல்லாரும் கண் அசந்த மத்தியான நேரம். கொல்லையில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு உள்ளே வருகிறேன். தொட்டி மூடி பாதி திறந்திருக்கிறது. என் அடுப்படி உப்பு ஜாடி உன் இடுப்பில். கல்லுப்பைப் பிடி பிடியாக எடுத்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருக்கிறாய், உதடு அசைகிறது. மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன.

உப்பு எதற்கெல்லாம் ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குழந்தைக்குக் கண் பட்டால் சுற்றிப் போடுவதும் உப்புதான். உப்பு கரைகிறமாதிரி அந்தக் குடும்பம் கரையட்டும் என்று குளத்தில் போட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். உதடு அசையாமல் போட்டிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேனோ என்னவோ.

"இன்னா பண்ற?"

"உப்பு போடறேன் வதினா. மூச்சு முட்டுது அதுங்களுக்கு. ஒனக்கு தெரில?"

"என் வூட்டு ஜாடிய எட்த்து என் வூட்டு தொட்டில போட ஒன்ன யாரு கேட்டா?"

"நீ தூங்கறன்னு நெனச்சேன், எழுப்பிக் கேக்கவா? செத்துப் போவும் வதினா."

"சாவும்னு ஒனக்கு மட்டும் எப்டி முன்னாடியே தெரிது? போன வருசமும் சொன்ன, செத்திச்சி. இந்த வருசமும் சொல்ற. வாயில இன்னா முணுமுணுத்த?"

"எண்ணிகினு இருந்தேன். எத்தினி பிடின்னு."

எண்ணிக்கொண்டிருந்தாளாம். துணி மூட்டையைக் கீழே போட்டுவிட்டு நான் பேசினேன். உன் வீட்டில் மீனை வைத்துப் பிழைக்கிறாய், என் வீட்டு மீன் நன்றாக இருந்தால் உனக்குப் பொறுக்கவில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாவா போனதை வைத்து ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன். உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை.

நீ தொட்டிப் பக்கம் திரும்பிவிட்டாய். அதுதான் எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. கையைத் தொட்டியில் விட்டு எடுத்து மோந்து பார்த்தாய். மறுபடியும் விட்டு மோந்தாய். அப்புறம் முற்றத்துக் குழாயில் மாட்டியபடியே கிடந்த ஓஸைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "வதினா, தண்ணி..." என்று ஆரம்பித்தாய். அந்த நேரம் உன் அண்ணன் எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். நீ அவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாய். மாட்டிக்கொண்டவள் மூடுகிறமாதிரி மூடிக்கொண்டாய் என்று நினைத்தேன்.

உன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். அவர் பஸ் ஏற்றிவிட வந்தார். நான் கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தெருமுனையில் நீங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் நின்று பேசினீர்கள். என் கல்யாணப் பந்தியிலேயே அண்ணனும் தங்கையும் எனக்குக் கேட்காத குரலில் குசுகுசுத்தவர்கள்தானே. அன்றையிலிருந்தே நான் நினைப்பது அதுதான், என் முதுகுக்குப் பின்னால் உங்களுக்குள் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது என்று.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மோலி எல்லாம் போய்விட்டன, தங்கமீனில் ஒன்றும் போய்விட்டது. பொட்டு மட்டும் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. உன் அண்ணன் திரும்பி வந்து வெகுநேரம் தொட்டிப் பக்கமே இருந்தார். என்னை அடுப்படிக்கு அனுப்பி இரண்டு தடவை காபி கேட்டார். மறுநாள் காலையில் பொட்டு கீழே இறங்கிக் கல்லை முட்டிக்கொண்டிருந்தது. வால் கொஞ்சம் கிழிந்ததோடு சரி.

"பாத்தீங்களா" என்றேன். "அவ படி எறங்கினா, இது பொழச்சிகிச்சி."

அவர் தொட்டி மூடியைச் சரிசெய்தார்.

அதற்குப் பிறகு மூன்று ஆடி. நீ வந்தாய், ஆனால் என் வீட்டுக்கு இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் படி ஏறி, சாமி பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனாய். மலையடியில் பூ விற்கிற அம்மா என்னிடம் கேட்டாள், "ஒன் நாத்தனார் போவுதே, வூட்டுக்கு வர்லியா?" வேலை இருக்கும் என்றேன். ஒவ்வொரு வருடமும் நான் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். புதிதாக வாங்கிவிட்ட மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அவள் வந்த இரண்டு வருடம் செத்தது, வராத மூன்று வருடம் சாகவில்லை, இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று. உன் அண்ணன் அப்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். தங்கையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் உன் வீட்டுக்கு வந்தேனே, அன்றைக்கும் என் கண் சும்மா இருக்கவில்லை. உன் பின்கட்டில் நான்கு பீப்பாய், வாயில் வெள்ளைத் துணி கட்டி, வெயிலில். வீட்டில் துக்கம், அந்த நேரத்திலும் உன் மருமகள் ஒரு பீப்பாயைத் திறந்து சிமெண்டுத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கும்மா இது? குழா பக்கத்துலயே கீதே" என்று கேட்டேன்.

"அத்த எப்பவும் மூணு நாளு வெயில்ல வெச்ச தண்ணிதான் ஊத்துவாங்க பெரியத்த. மருந்து வாடை போவணும்னு. கைய வுட்டு மோந்து பாத்துட்டுதான் ஊத்துவாங்க."

மோந்து பார்த்துவிட்டு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அதை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். வேண்டாததைப் பார்க்காமல் வருவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

இப்போது முந்தாநாளுக்கு வருகிறேன். உன் மகனும் மருமகளும் இந்த வருடம் உன் காவடியை எடுத்துக்கொண்டு வருகிறோம், வீட்டுக்கும் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். உன் மருமகள் வந்து தொட்டியைப் பார்ப்பாள் என்று விடியற்காலையிலேயே தேய்த்துக் கழுவி, ஓஸ் பிடித்து நிரப்பினேன். உன் அண்ணன் ஆனியில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அடிபட்டுக் கட்டிலோடு கிடக்கிறார். அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கண் விழித்துப் பார்க்கும்போது மீன்கள் மேலே வந்துவிட்டன.

"ஏய், தொட்டிய கழுவினியா?"

"ஆங். வருசா வருசம் கழுவறதுதான."

"என்ன எழுப்பறதுக்கு இன்னா? பாய் கடைக்கு ஓடு. நீல மூடி போட்ட சின்ன பாட்டிலு. சீக்கிரம் போ, பொட்டு செத்துடும்."

ஊறுகாய் ஜாடி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாத மனுஷருக்கு, பாய் கடை பாட்டிலின் மூடி என்ன கலர் என்று தெரிகிறது. எனக்குச் சந்தேகம் அங்கேயே பிடித்துவிட்டது. ஆனால் பொட்டு சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. ஆட்டோ பிடித்தேன்.

பாய் என்னைப் பார்த்ததும் கேட்காமலே பாட்டிலை எடுத்து வைத்தார். "அய்யாவ காணோமேன்னு பாத்துகினே இருந்தேம்மா. வருசா வருசம் கிருத்திகைக்கு முன்னாடி வந்து வாங்கிட்டுப் போயிடுவாரு."

"எத்தினி வருசமா?"

"அன்னிக்கு உங்க நாத்தனாரம்மா பையும் கையுமா வந்து நின்னாங்களே. அய்யாவும் கூட நின்னாரு. அவங்கதான் மொத பாட்டில வாங்கி அய்யா கைல குடுத்தாங்க. அன்னிலேர்ந்துதான்."

"இது இன்னாத்துக்கு பாய்?"

"குழாத்தண்ணில பிளீச்சிங் இருக்குல்லம்மா. மனுசனுக்கு அது நல்லது. மீனுக்கு செவுள சுட்டுடும். மூச்சு விட முடியாம எல்லாம் ஒண்ணா மேல வந்துடும். நாங்களே இந்த வாரம் கடைல குழாத்தண்ணி தொடமாட்டோம். இத ஊத்தினா அது முறிஞ்சிடும்." பாட்டிலைத் துணியில் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார், "அன்னிக்கே கேட்டேன், தண்ணி மாத்தினீங்களான்னு. தொடவே இல்லன்னு சொன்னீங்க."

"மாத்தினேன்."

"தெரியும்மா. அந்தம்மா சொன்னாங்க."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மீன் விற்கிறவருக்குத் தெரியும், என் புருஷனுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். தெருத் தெருவாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவர் கட்டிலில் இருந்தபடி எண்ணிக்கொடுக்க, சொட்டுச் சொட்டாக விட்டேன். என் உதடும் அசைந்தது. நான் என்ன முணுமுணுக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் உப்பு ஜாடியை நானே எடுத்து வந்தேன். எத்தனை பிடி என்று கேட்டேன். மூன்று, சின்னப் பிடியாக என்றார். புது மீனில் இரண்டு போய்விட்டன. சாயங்காலம் பொட்டு மெல்லக் கீழே இறங்கி, துடுப்பை விரித்தது.

அப்போதுதான் அவரைக் கேட்டேன். "ரெண்டு பேருமா சேந்து எத்தினி வருசம் என்னாண்ட மறைச்சீங்க?"

"தங்கச்சி சத்தியம் வாங்கிகிச்சி."

"இன்னான்னு?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தெருமுனையில் நீ சொன்னதை, நீ சொன்னமாதிரியே. "வதினாவாண்ட சொல்லாதண்ணா. அது என்ன சந்தேகப்பட்டா நான் நகரில கீறேன், வருசத்துக்கு ஒரு நாளு. தன்னயே சந்தேகப்பட ஆரம்பிச்சா அது எங்க போவும்?"

நாற்பது வருடமாக என் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஓடுகிறது என்று சந்தேகப்பட்டேன். அது நிஜம்தான். ஓடினது இதுதான்.

ஆனாலும் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இது அன்பா, இல்லை நீ எட்டாவது படித்தவள் என்பதை இன்னொரு தடவை காட்டியதா? தெருமுனையில் நின்று அண்ணனிடம் சொன்னதை நாலடி திரும்பி வந்து என்னிடம் சொல்லியிருந்தால், கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், இரண்டு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். மூன்று ஆடி நீ என் தெருவைத் தாண்டிப் போயிருக்க வேண்டியதில்லை. அந்த மூன்று வருடமும் உன் அண்ணன் கிருத்திகையன்று வாசல் பக்கமே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதையும் நான் வேறுமாதிரி நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான் என்பது எனக்குத் தெரியும். கேட்கலாம் என்று பார்த்தால் ஆள் இல்லை. அதிலும் நீ முந்திக்கொண்டாய். அந்த வருத்தம் எனக்கு உன்மேல் இருக்கிறது, இருக்கும்.

நாளை மறுநாள் உன் மருமகள் வருகிறாள். தொட்டியை இனிக் கழுவப் போவதில்லை. பாசி பிடித்தால் பிடிக்கட்டும், குந்தி உட்கார்ந்து பார்க்கட்டும், சிரிக்கட்டும். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் மீனைப் பார்த்தாலும் ஒன்றும் சொல்லமாட்டேன். அப்புறம் அவளை உட்காரவைத்து, அன்று மத்தியானம் என்ன நடந்தது என்று நானே சொல்வேன். அந்த வார்த்தையையும் சொல்வேன். பிறகு, பூ விற்கிற அம்மாவிலிருந்து ஆரம்பித்து, யார் யாரிடம் சொன்னேனோ அவர்களிடமெல்லாம் போகவேண்டும். எனக்கு யாரும் மறக்கவில்லை.

மாடியில் பீப்பாய் நிரப்பி, வாயில் துணி கட்டி, வெயிலில் வைத்திருக்கிறேன். முந்தாநாள் வைத்தது. இதை எழுதுவதற்கு முன்னால் படி ஏறிப் போய், கையை விட்டு எடுத்து, உன்னைப்போலவே மோந்து பார்த்தேன். வாடை இல்லை. மறுபடியும் விட்டு மோந்தேன். இல்லை.

நம்பவில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்.